மனைவி என்ற முறையில்

டொலீடோ, ஒஹாயோ
6 செப்டம்பர் 1988

ஆர்லன்,

குளிர்பெட்டிக் கதவில் ஒட்டிவிட்டு வந்த சீட்டை இந்நேரம் பார்த்திருப்பாய். பார்க்காமலும் இருந்திருக்கலாம். ஒன்பது வருஷம் எதிரிலேயே உட்கார்ந்திருந்த என்னையே நீ பார்த்ததில்லை. அதனால் திரும்பவும் எழுதுகிறேன்: நான் போய்விட்டேன். டொலீடோவில் என் தங்கை வில்மா வீட்டில் இருக்கிறேன். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவிலேயே எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. ஃபோன் செய்தால் உன் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்கும் என்பதால் கடிதம்.

நீ குடிக்கவில்லை, அடிக்கவில்லை, இன்னொருத்தியைத் தேடிப் போகவில்லை. பேசவில்லை, அவ்வளவுதான். சாப்பாட்டு மேசையில் நான் ஒருத்தியே பேசிப் பேசி வாய் வலித்துப்போனது. கல்லூரியில் நீ திறக்காத பூட்டே கிடையாது என்று ஊரே மெச்சுகிறது. உன் வாயைத் திறக்கத்தான் ஆள் இல்லை.

இப்போது ஒரே ஒரு காரியம். நான் விட்டுவிட்டு வந்தது உன்னை. மார்னியின் படிப்பை அல்ல. பத்து நாளைக்கு முன்புதான் அவளை இரண்டு பேரும் மின்னசோட்டாவில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். அந்தக் கல்லூரி அவளிடம் கட்டணம் வாங்கவில்லை. காரணம், நீ நம் ஊர்க் கல்லூரியில் பதினோரு வருஷமாகப் பூட்டு வேலை பார்ப்பவன். ஒரு கல்லூரி ஊழியரின் பிள்ளையை இன்னொரு கல்லூரி இலவசமாகச் சேர்த்துக்கொள்ளும் அந்தப் பரிமாற்றத்தில் நம் கல்லூரிக்கு இந்த வருஷம் இரண்டே இடம். லத்தீன் பேராசிரியரின் மகனைத் தாண்டி மார்னிக்குக் கிடைத்தது, அவரைவிட உனக்கு இரண்டு வருஷம் சர்வீஸ் கூடுதல் என்பதால். ஆனால் அவள் உன் பெண் இல்லை, டேலுக்கும் எனக்கும் பிறந்தவள். நான் உன் மனைவியாக இருக்கும்வரைதான் அவள் உன் குடும்பத்தில் சேர்த்தி.

அதனால் வக்கீலிடம் போகாதே. 1992 மே மாதம் அவள் பட்டம் வாங்கட்டும். மறுநாளே நீ காட்டுகிற இடத்தில் கையெழுத்துப் போடுகிறேன். அதுவரை ஊருக்கு நாம் கணவன் மனைவி. மார்னிக்கும் இப்போது சொல்ல வேண்டாம், முதல் பரீட்சை முடியட்டும்.

நடீன்


லிண்டன் மில்ஸ், பென்சில்வேனியா
19 செப்டம்பர் 1988

நடீன்,

சீட்டைப் பார்த்தேன்.

வக்கீலிடம் போகவில்லை. பணியாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பரிமாற்ற விதிகளை வாங்கி வந்தேன். ஏழு பக்கம். நீ படித்திருக்க மாட்டாய். ஊழியரின் மனைவிக்கு முன் மணத்தில் பிறந்த பிள்ளையென்றால், கல்யாணம் நடப்பில் இருந்தால் மட்டும் போதாது. மனைவியும் ஊழியரும் ஒரே வீட்டில் வாழ வேண்டும். பிள்ளையும் விடுமுறைகளில் அந்த வீட்டில்தான் தங்க வேண்டும். அதாவது இங்கே. டொலீடோவில் அல்ல. வருஷா வருஷம் பிப்ரவரி பதினைந்துக்குள் இதற்கெல்லாம் நான் உறுதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

ஆக நவம்பரில் நன்றி நாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் அவள் இங்கே வருவாள். இதை நான் கேட்கவில்லை, நீ கேட்டாய். அவளும் நானும் நாலு நாள் ஒரு வீட்டில் என்ன செய்வோம் என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கு என்ன பிடிக்கும் என்று எழுது. வான்கோழி எத்தனை மணி நேரம் வேக வேண்டும் என்றும் எழுது.

குளிர்கோட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறாய். பார்சலில் அனுப்புகிறேன்.

ஆர்லன்


டொலீடோ
29 நவம்பர் 1988

ஆர்லன்,

கோட்டு வந்தது. பையில் இருந்த இருமல் மிட்டாயும் உருகிப்போய் வந்தது.

நன்றி நாளன்று வில்மா வீட்டில் எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம். என் பெண் மட்டும் இல்லை. நான் பெற்றவள் நானூறு மைல் தள்ளி, நான் விட்டுவந்த சமையலறையில், என்னோடு பேசாதவனோடு உட்கார்ந்து சாப்பிடுகிறாள். விதி என்கிறாய். விதியை எழுதினவன் பிள்ளை பெற்றிருக்க மாட்டான்.

அதைவிட இன்னொன்று. நான் போனது அவளுக்குத் தெரிந்துவிட்டது, நீதான் சொல்லிவிட்டாய் என்று நினைத்தேன். ஒன்பது வருஷம் திறக்காத வாய் இதற்குத்தானா திறக்க வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் அவளிடம் உன்னைக் கிழி கிழியென்று கிழித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சொல்கிறாள்: “ஆர்லன் ஒண்ணும் சொல்லலம்மா. நீ எழுதின மூணு லெட்டர்லயும் டொலீடோ முத்திரை இருந்துச்சு. நான் என்ன கண்ணில்லாதவளா? நான் கேட்டேன், அவரு ஆமான்னாரு.”

உறையின் மூலையில் லிண்டன் மில்ஸ் விலாசத்தைக் கவனமாக எழுதினேன். தபால்காரன் எந்த ஊர் முத்திரை குத்துவான் என்று யோசிக்கவில்லை. சரி, அது என் தப்பு. ஆனாலும் உன்மேல் கோபம் தீரவில்லை. வான்கோழி காய்ந்துபோய் இருந்ததாம். நாலு மணி நேரம் என்று எழுதியிருந்தேனே.

நடீன்


லிண்டன் மில்ஸ்
16 பிப்ரவரி 1989

நடீன்,

நேற்று படிவத்தைக் கொடுத்தேன். ‘மனைவி இந்த முகவரியில் என்னுடன் வசிக்கிறார்’ என்று ஒரு வரி. பக்கத்தில் ஒரு கட்டம். பேனாவைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். கல்லூரித் தலைவர் வீட்டிலிருந்து பெண்கள் விடுதிவரை எல்லாக் கதவுக்கும் போடுகிற சாவி என் இடுப்பில் தொங்குகிறது. வீட்டுக்குப் போகும்போது யாரும் என் பையைச் சோதித்ததில்லை. ஆர்லன் பொய் சொல்ல மாட்டான் என்பதற்காகத்தான் அந்தச் சாவி என்னிடம் இருக்கிறது. நேற்று அந்தக் கட்டத்தில் டிக் போட்டேன்.

பணியாளர் அலுவலகத்தில் திருமதி ஹாஃப்னர் வாங்கி முத்திரை குத்தினார். உன்னைச் சர்ச்சில் பார்த்து ரொம்ப நாளாயிற்று, நன்றாக இருக்கிறாயா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மார்னியின் படிப்புக்காகப் போட்டேன். உனக்காக அல்ல. இதற்குமேல் ஒன்றும் என்னிடம் கேட்காதே.

கிறிஸ்துமஸுக்கு அவள் வந்தபோது மூன்று வாரமும் ஹீட்டர் சூட்டைப் பற்றித்தான் சண்டை. நான் குறைத்துவைப்பேன், அவள் கூட்டிவைப்பாள். மற்றபடி நன்றாக இருக்கிறாள். உயிரியல் பிடித்திருக்கிறதாம். குளத்துப் பாசியைப் பற்றி ஒரு முழு வேளைச் சாப்பாட்டுக்குப் பேசினாள்.

ஆர்லன்


டொலீடோ
8 அக்டோபர் 1989

ஆர்லன்,

மூன்று முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதை எழுதி முடித்ததும் படித்துப் பார்க்காமல் தபாலில் போட்டுவிடுவேன்.

கார்டன் என்று ஒருவர். நகரப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மனைவி இறந்து ஆறு வருஷம். அவர் பேசுகிறார், ஆர்லன். நான் கேட்காததற்கெல்லாம் பதில் சொல்கிறார். சலவைப் பிரிவில் அன்றைக்கு என்ன நடந்தது என்று கேட்டு, சொன்னதை மறுநாள் ஞாபகம் வைத்துக்கொண்டு திரும்பக் கேட்கிறார்.

வருகிற ஜூனில் ஓரிகனுக்குப் போகிறார், அவருடைய அண்ணனின் பட்டறைக்கு. மனைவியாக வந்தால் வா, இல்லையென்றால் இங்கேயே இரு என்கிறார். அவருடைய சர்ச் அப்படி. நானும் நாற்பத்து மூன்று வயதில் ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நிற்க விரும்பவில்லை.

1992 வரை பொறு என்று உனக்குக் கோடு கிழித்தவள் நான். இப்போது அதைத் தாண்டுகிறவளும் நான். சிரித்துக்கொள். எனக்கு விவாகரத்து வேண்டும். இங்கே ஒஹாயோ கோர்ட்டில் சத்தமில்லாமல் முடித்துவிடலாம். லிண்டன் மில்ஸில் யாருக்குத் தெரியப்போகிறது? பிப்ரவரியில் அதே கட்டத்தில் அதே டிக். இன்னும் மூன்று முறைதான்.

கேட்காதே என்றாய். கேட்கிறேன்.

நடீன்


லிண்டன் மில்ஸ்
2 நவம்பர் 1989

நடீன்,

முடியாது.

இந்த வீட்டில் இல்லாத மனைவியை இருக்கிறாள் என்று எழுதினேன். அதுவே இன்னும் உறுத்துகிறது. இல்லவே இல்லாத மனைவியை இருக்கிறாள் என்று எழுத மாட்டேன். வெளியே தெரிந்தால் என் வேலை மட்டும் போகாது. மார்னியின் இடமும் அன்றைக்கே போகும். அவளை இரண்டாம் வருஷத்தில் வகுப்பிலிருந்து எழுப்பி அனுப்புவார்கள். நீயும் நானும் சேர்ந்து சம்பாதித்தாலும் அந்தக் கல்லூரிக்குக் கட்ட முடியாது.

ஆனால் கார்டனை விட்டுவிடு என்றும் சொல்ல மாட்டேன். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

கடைத்தெருவில் இருக்கிறாரே வக்கீல் ஷாங்க், அவரைப் போய்ப் பார்த்தேன். ஒரு வழி இருக்கிறது என்றார். பதினெட்டு தாண்டியவர்களையும் இந்த மாநிலத்தில் தத்தெடுக்கலாம். நான் மார்னியைத் தத்தெடுத்தால் அவள் என் மனைவியின் பெண்ணாக அல்ல, என் பெண்ணாகவே கணக்கில் வருவாள். அப்புறம் நீ யாரைக் கட்டிக்கொண்டு எங்கே போனாலும் அவள் இடத்தை யாரும் தொட முடியாது.

இதற்கு மார்னி சம்மதிக்க வேண்டும். பிறகு நீ. தாய் என்ற முறையில் அல்ல, பெண் பெரியவளாகிவிட்டதால் தாயை யாரும் கேட்பதில்லையாம். தத்தெடுப்பவனுக்கு மனைவி இருந்தால் அவள் சம்மதம் வேண்டும் என்பது சட்டம். அந்த முறையில்தான் உன் கையெழுத்து.

இன்னொன்றையும் ஷாங்க் இரண்டு தடவை சொன்னார். தத்து முதலில், விவாகரத்து பிறகு. இதை மாற்றிச் செய்தால், தாயின் கணவன் அல்லாத ஒருவன் தத்தெடுத்ததாகி, காகிதத்தில் நீ அவளுக்குத் தாயாக இருப்பது அறுந்துபோகும். அதனால் அவசரப்பட்டு ஒஹாயோவில் எதுவும் தாக்கல் செய்துவிடாதே.

மார்னிக்கு இன்னும் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில்.

ஆர்லன்


டொலீடோ
11 நவம்பர் 1989

ஆர்லன்,

உன் கடிதத்தை வில்மாவிடம் படிக்கக் கொடுத்தேன், நான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்று. இல்லை, சரியாகத்தான் படித்திருக்கிறேன்.

டேல் கல் குவாரியில் செத்தபோது அவனுக்கு இருபத்தொன்பது வயது. மார்னிக்கு நாலு. அப்பாவென்று அவளிடம் மிச்சமிருப்பது ஒரு புகைப்படமும் ரெபர்ட் என்கிற பெயரும். உன்னைக் கட்டிக்கொண்டபோதுகூட அவள் பெயரை நான் மாற்றவில்லை. நீயும் கேட்கவில்லை. அதற்காகவே அன்றைக்கு உன்மேல் எனக்கு ஒரு மரியாதை வந்தது. இப்போது ஒரு கல்லூரிப் படிவத்துக்காக அவளையும் உன் குடும்பப் பெயரில் வைகண்ட் ஆக்கப்போகிறாயா?

என் பெண்ணைப் பற்றி என்னைக் கேட்க வேண்டாமாம், உன் மனைவியைக் கேட்டால் போதுமாம். எந்த மூளை எழுதிய சட்டம் அது? பத்து மாதம் சுமந்தவளுக்கு வாயில்லை, உனக்குச் சோறு போட்டவளுக்கு வாய் உண்டு.

உண்மையைச் சொல். விடுமுறைக்கு விடுமுறை அவளை உன் வீட்டில் வைத்துக்கொண்டாய். இப்போது மொத்தமாகவே வேண்டும் என்கிறாய். நான் உன்னை விட்டு வந்ததற்கு இதுதான் தண்டனையா? எனக்கு இதில் சம்மதமில்லை. அவள் படிப்பை நிறுத்திவிட்டு இங்கே வந்து மாலைக் கல்லூரியில் சேரட்டும். அதுவும் படிப்புதான்.

அது படிப்பில்லை என்று எனக்கும் தெரியும். அதற்காக இதற்கு ஒப்புக்கொள்ள முடியாது.

நடீன்


லிண்டன் மில்ஸ்
4 ஜனவரி 1990

நடீன்,

இவ்வளவு நீளமாக நான் யாருக்கும் எழுதியதில்லை. நீ கேட்டாயே உண்மை, அதை எழுதுகிறேன்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மார்னியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கார்டன், விவாகரத்து, ஷாங்க் சொன்ன வழி, நீ மறுத்தது, மாலைக் கல்லூரி, எதையும் மறைக்கவில்லை. உன்மேல் அவளுக்குக் கோபமில்லை. கார்டன் எப்படிப்பட்டவர் என்று கேட்டாள். பேசுவாராம் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தத்தைப் பற்றி மட்டும் இப்படிச் சொன்னாள்: “கட்டணம் மிச்சமாகுதுன்னு என்னை யாரும் தத்தெடுக்க வேணாம். நான் ஒண்ணும் தள்ளுபடிச் சீட்டு இல்ல. வேற காரணம் இருந்தா சொல்லுங்க, யோசிக்கிறேன்.”

நான் பேசாமல் இருந்தேன். உனக்குத் தெரிந்த ஆர்லன்தானே. அவள் மாடிக்குப் போய்விட்டாள். அடுத்த இரண்டு நாளும் சாப்பாட்டு மேசையில் உப்பைத் தா, மிளகைத் தா என்பதோடு சரி. அவள் ஹீட்டரைக் கூட்டவுமில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளுக்கு ஆய்வுக்கூடத்தில் விடுமுறை வேலை இருந்ததால் இந்தமுறை சீக்கிரமே கிளம்பினாள். இருபத்தொன்பதாம் தேதி ஹாரிஸ்பர்க் பஸ் நிலையத்துக்கு ஓட்டிக்கொண்டு போனேன். ஒரு மணி நேரப் பயணம். பாதி வழியில் பனி கொட்ட ஆரம்பித்தது, வண்டியை ஓரம் கட்டினேன். பாதையைப் பார்த்தபடியேதான் சொன்னேன், அவள் முகத்தைப் பார்த்திருந்தால் வந்திருக்காது. “நீ வராத வீட்ல இருக்க எனக்குப் பிடிக்கல” என்றேன்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதைச் சொல்ல ரெண்டு நாளா?” என்றாள். பிறகு, “சரி, பேப்பரைக் கொண்டாங்க. ஆனா பேரு எங்கப்பா பேருதான், ரெபர்ட். உங்களை அப்பான்னெல்லாம் கூப்பிட மாட்டேன், ஆர்லன்தான்” என்றாள். ஆர்லன் என்றே இருக்கட்டும் என்றேன். ஷாங்கிடம் கேட்டேன், பெயரை மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை.

இது தண்டனை இல்லை, நடீன். உன்னிடமிருந்து அவளை எடுத்துக்கொள்ள முடியாது, அவள் பேச ஆரம்பித்தால் உன் குரல்தான் கேட்கிறது. எனக்கும் அவள் வேண்டும். அவ்வளவுதான் உண்மை.

பிப்ரவரி ஒன்பதாம் தேதி கோர்ட்டில் நாள் கிடைத்திருக்கிறது. உன் சம்மதப் பத்திரத்தை இதோடு வைத்திருக்கிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். இந்த வருஷம் அந்தக் கட்டத்தில் நான் டிக் போடப்போவதில்லை. இதை மிரட்டலாக எடுத்துக்கொள்ளாதே. என்னால் முடியவில்லை. நீ போடாவிட்டால் பதினைந்தாம் தேதி திருமதி ஹாஃப்னரிடம் போய் உள்ளதைச் சொல்லிவிடுவேன்.

ஆர்லன்


டொலீடோ
29 ஜனவரி 1990

ஆர்லன்,

மூன்று வாரம் உன் பத்திரத்தை மேசை இழுப்பறையில் போட்டு வைத்திருந்தேன். மார்னி ஒரு தடவைகூட ஃபோன் செய்து போடு என்று சொல்லவில்லை. வழக்கம்போல் ஞாயிற்றுக்கிழமை பாசியைப் பற்றியே பேசினாள். கடைசியில் நான்தான் பொறுக்காமல் கேட்டேன். நான் கையெழுத்துப் போடாவிட்டால் என்ன செய்வாய் என்று. “டொலீடோவுக்கு வருவேம்மா, மாலைக் கல்லூரில சேருவேன். உன்மேல கோபப்பட மாட்டேன்” என்றாள். கோபப்படுவேன் என்று சொல்லியிருந்தால் போடாமல் இருந்திருப்பேன்.

இன்று மதியம் வங்கியில் நோட்டரியிடம் போனேன். மார்னி வயசுதான் இருக்கும் அந்தப் பெண்ணுக்கு. பத்திரத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்து, “ஆர்லன் வைகண்டோட மனைவி நீங்கதானா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஒன்றரை வருஷமாகச் சொல்லாத வார்த்தை. தடங்கலில்லாமல் வந்தது, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. அவள் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். வெளியே வந்து காரில் உட்கார்ந்து அழுதேன். டேலுக்காகவா, எதற்காக என்று தெரியவில்லை.

பத்திரத்தை இதோடு அனுப்புகிறேன். ஒன்பதாம் தேதி நல்ல சட்டை போட்டுக்கொண்டு போ. கோர்ட் முடிந்ததும் விவாகரத்துப் பத்திரத்தை அனுப்பு. ஜூனில் நான் கார்டனோடு கிளம்புகிறேன்.

ஒன்றை மட்டும் கேட்காமல் இருக்க முடியவில்லை. பனியில் வண்டியை நிறுத்தி அவளிடம் சொன்னாயே ஒரு வாக்கியம். அதை ஒன்பது வருஷத்தில் ஒரு நாள், ஒரே ஒரு நாள், என்னிடம் சொல்லியிருந்தால் நான் எங்கேயும் போயிருக்க மாட்டேன். ஏன் சொல்லவில்லை?

நடீன்


லிண்டன் மில்ஸ்
15 பிப்ரவரி 1990

நடீன்,

தத்து முடிந்தது. பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. மார்னி முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டாள். தாயின் பெயரை நீதிபதி கேட்டார். உன் பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டியும் சொன்னாள், தப்பாக எழுதிவிடப் போகிறார்களே என்று. அவள் பெயர் மார்னி ரெபர்ட் என்றே இருக்கிறது.

இன்று படிவத்தைக் கொடுத்தேன். சொந்தப் பிள்ளையென்றால் மனைவி எங்கே வசிக்கிறாள் என்ற கேள்வியே கிடையாது. போன வருஷம் போட்ட டிக் பொய்யென்று திருமதி ஹாஃப்னரிடம் நானாகவே சொன்னேன். “தெரியும் ஆர்லன், ஊருக்கே தெரியும்” என்றார். பிறகு தொலைபேசியை எடுத்து மேலிடத்தில் பேசினார். மார்னியின் இடத்துக்கு ஒன்றுமில்லை, பட்டம் வாங்கும்வரை அது அவளுடையது. என்னிடம் முதன்மைச் சாவியைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். வேலை போகவில்லை. இனிமேல் கதவு திறக்க வேண்டுமென்றால் காவலாளியைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நீ ஓரிகனுக்குப் போகும்முன் கோடை விடுமுறையில் அவள் உன்னிடம் வருவாள். அவள் எங்கே தங்குகிறாள் என்று இனி யாரும் கேட்கப்போவதில்லை. விவாகரத்துப் பத்திரத்தில் என் கையெழுத்தைப் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு ஒரு வாரமாகப் பதில் யோசித்தேன். நீ இருந்தவரை இந்த வீடு ஒரு நாளும் காலியாக இருந்ததில்லை. அதனால் காலி வீடு எனக்குப் பிடிக்காது என்று அப்போது தெரியாது.

ஆர்லன்